விற்பவர் எதைச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் வாங்கியவர் என்ன செய்யலாம்? வீடு, மனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னைத் தேடி வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்திரம் பதிந்த பிறகுதான் வருகிறார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் கிரயப் பத்திரம், ஈ.சி. (வில்லங்கச் சான்று), பட்டா நகல், வங்கிக் கடன் கடிதம். "சார், இப்படி இருக்குன்னு அவங்க சொல்லவே இல்லை" என்பதுதான் முதல் பேச்சு. சொல்லாமல் விட்டது சட்டப்படி தவறா, தவறென்றால் என்ன கிடைக்கும், எங்கே போவது, எத்தனை நாளுக்குள் போவது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டில் வீடு, மனை, ஃபிளாட் வாங்கும் சாதாரணக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதவர்கள் கடைசிக் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

"பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு" என்கிறார்களே. விற்பவர் தானாகவே குறையைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் ஏதும் உண்டா?

உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 55-வது பிரிவு. சொத்திலோ, விற்பவருக்கு அதன் மேல் உள்ள உரிமையிலோ முக்கியமான குறை இருந்தால் அவர் அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். அந்தக் குறை விற்பவருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும், வாங்குபவருக்குத் தெரியாததாக இருக்க வேண்டும், சாதாரண அக்கறையோடு பார்த்தாலும் வாங்குபவர் கண்ணில் படாததாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சொல்லியே ஆக வேண்டும். அதே பிரிவின் கடைசி வரி இன்னும் கடுமையானது: இப்படிச் சொல்லாமல் விடுவது மோசடி என்றே அது சொல்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு வரியும் அங்கே இருக்கிறது. சொத்தைப் பற்றியோ உரிமையைப் பற்றியோ வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கெல்லாம் விற்பவர் தனக்குத் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். "கேட்டார், நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று அவர் நழுவ முடியாது. இந்த வரியின் அருமை கீழே போகப் போகத் தெரியும்.

எது முக்கியமான குறை? குழாய் ஒழுகுவதுகூடச் சேருமா?

இந்தக் குறை முன்பே தெரிந்திருந்தால் இந்தச் சொத்தை வாங்கியே இருக்க மாட்டார் என்று நியாயமாக நினைக்கும்படி இருக்கிறதா என்பதே நீதிமன்றங்கள் வழக்கமாக வைக்கும் அளவுகோல். ஒழுகும் குழாய் அதில் வராது. பிளம்பரைக் கூப்பிட்டால் முடிந்தது.

கூரைக் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பொரிந்திருப்பது, கழிவுநீர்த் தொட்டி பக்கத்து மனைக்குள் போயிருப்பது, பழைய கிணற்றை மூடி அதன் மேல் அறை கட்டியிருப்பது, சாலை விரிவாக்கத்துக்கு நிலம் எடுக்க அறிவிப்பு வந்திருப்பது, அனுமதி வாங்காமல் இரண்டாம் மாடி எழுப்பி அதற்கு நோட்டீஸ் வந்திருப்பது: இதெல்லாம் முக்கியமான குறை.

ஆனால் கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு விற்பவர் பொறுப்பில்லை. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கிறது, நீங்கள் பார்க்காமல் விட்டீர்கள் என்றால் அது உங்கள் தலையில்தான். அதே வெடிப்பைப் பட்டி வைத்து, பெயின்ட் அடித்து, முன்னால் இரும்பு பீரோவை நிறுத்தியிருந்தால் கதை வேறு. மறைப்பதற்காகச் செய்த வேலையே அவருக்கு அது தெரியும் என்பதற்கு அத்தாட்சி. ஒரு வீட்டில் மூன்று சுவர் பழைய சுண்ணாம்பு நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று புது நிறத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொட்டால் கை சில்லென்றது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள். கோபப்பட்டால் கோபப்படட்டும்.

மழைக்காலத்தில் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. கோடையில் வீட்டைக் காட்டி விற்றுவிட்டார். இது மறைப்பா?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வேளச்சேரி பக்கம் வாங்கியவர்கள் அதிகம் கேட்ட கேள்வி. ஊரே அறிந்த விஷயம், செய்தித்தாளில் வந்தது, அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தெரிந்திருக்கும் என்று எதிர்த் தரப்பு சொல்லும். அந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் மட்டும் தரைக்கு அடியிலிருந்து ஊற்று கிளம்புகிறது, அதற்கு விற்பவர் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார் என்றால் உங்கள் தரப்பு வலுவாகிவிடும். நீங்கள் "மழைத் தண்ணீர் உள்ளே வருமா?" என்று கேட்டு அவர் "வராது" என்று சொல்லியிருந்தால் இன்னும் வலு. ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் மறைப்பு மறைப்புதானே? கேட்பதால் என்ன கூடுதல் பலன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், மோசடியால் சம்மதித்தவர் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்கிறது. கூடவே ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. விற்பவர் செய்தது வெறும் மௌனம் என்றால், வாங்கியவர் சாதாரண கவனத்தோடு விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று காட்டிவிட்டால் ரத்து செய்ய முடியாது. விற்பவர் தெரிந்தே வாயைத் திறந்து பொய் சொல்லியிருந்தால் அந்தச் சாக்கு அவருக்குக் கிடையாது.

ஆகவே நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி அவருடைய மௌனத்தைப் பொய்யாகவோ உண்மையாகவோ மாற்றிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் நீங்கள் தப்பித்தீர்கள். பொய் சொன்னால் வழக்கின் பாதி உங்கள் கையில். அதனால்தான் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் கேட்டது செல்லுமா?

செல்லும். என் அக்கா விஷயத்திலேயே அதைப் பார்த்தேன். 2019ல் காஞ்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் 5 சென்ட் மனை பார்த்தாள். வடக்கு ஓரம் முழுக்கப் புதிதாகக் கிராவல் கொட்டிச் சமன் செய்திருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. அவள் பழக்கத்தில் கேட்கிற மாதிரி ஒரு மெசேஜ் போட்டாள்: "பின்னாடி நிலத்துக்காரங்களுக்கு இந்த வழியா பாதை ஏதும் இருக்கா?" பதில் வந்தது: "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நாலு பக்கமும் கிளியர்."

ஆடி மாதம் உழவுக்கு டிராக்டர் வந்தது. நட்டு வைத்திருந்த கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வடக்கு ஓரமாகவே போனது. கிராவலுக்கு அடியில் பழைய வண்டித்தடம். பின்னால் இருக்கும் மூன்று குடும்பங்களும் முப்பது வருடத்துக்கு மேலாக அந்த வழியாகத்தான் போய் வருகிறார்கள். இருபது வருடம் தடையில்லாமல் வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்திய பாதைக்கு வசதியுரிமைச் சட்டம் உரிமை கொடுக்கிறது. அவர்கள் மேல் தப்பே இல்லை. ஈ.சி.யில் இப்படிப்பட்ட பாதை வராது.

அந்த ஒரு மெசேஜை இணைத்து வக்கீல் நோட்டீஸ் போனதும் விற்றவர் பேச வந்தார். பாதைக்குப் போன இடத்தின் விலையையும் பதிவுச் செலவில் பாதியையும் திருப்பிக் கொடுத்தார். மெசேஜ் இல்லாமல் இருந்திருந்தால் "அந்தம்மா வந்து பார்த்துட்டுத்தானே வாங்கினாங்க" என்று சொல்லி முடித்திருப்பார்.

ஒன்றைக் கவனியுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிடாதீர்கள். அந்த உரையாடல் இருக்கும் போனைப் பத்திரமாக வையுங்கள்.

பத்திரத்தில் உள்ள குறை, அதாவது உரிமைக் குறை. இதில் விற்பவர் "எனக்கே தெரியாது" என்றால்?

கட்டடக் குறையில் அவருக்குத் தெரியும் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உரிமைக் குறையில் அது தேவையில்லை. விற்கிற உரிமை தனக்கு இருக்கிறது, அதை மாற்றிக் கொடுக்கும் அதிகாரமும் இருக்கிறது என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே 55-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அந்த உறுதி உண்டு. வேண்டாமென்று இரண்டு பேரும் வெளிப்படையாக எழுதிக்கொண்டால் மட்டுமே போகும். உங்கள் பத்திரத்தில் "பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் எங்கள் சொந்தச் செலவிலும் எங்களது இதர சொத்துகளைக் கொண்டும் ஈடு செய்வோம்" என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் நல்லது. பத்திர எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் சம்பிரதாய வரி என்று நினைக்காதீர்கள். நஷ்ட ஈட்டு வழக்கே அதன் மேல்தான் நிற்கும்.

கோயில் நிலம் இதற்கு வேதனையான உதாரணம். அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி அந்த விற்பனை செல்லாது. நான்கு கை மாறி, நான்கு முறை பதிவாகி, ஐந்தாவதாக வாங்கிய குடும்பம் கடன் வாங்கி வீடு கட்டிய பிறகு நோட்டீஸ் வருகிறது. நிலம் தப்பாது. ஆனால் உங்களுக்கு விற்றவரிடம் பணத்தைக் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

பதிவுத் துறை பதிவு செய்து கொடுத்துவிட்டதே. அதுவே உரிமைக்குச் சான்று இல்லையா?

இல்லை. எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் தெளிவாகச் சொன்னது. பட்டாவும் அப்படித்தான், வருவாய்த் துறைக் கணக்கு அது.

ஈ.சி. சுத்தமாக இருக்கிறது. போதாதா?

போதாது. ஈ.சி.யில் வருவது அந்தச் சொத்தின் பெயரில் பதிவான ஆவணங்கள் மட்டும். உயில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு வராது. பதியாத குத்தகை, பாதை உரிமை, வாய்மொழிப் பாகப்பிரிவினை எதுவும் வராது. கணினியில் சர்வே எண்ணைத் தப்பாக ஏற்றியிருந்தால் பதிவானதும்கூட வராது.

வழக்கு விஷயம் ஆபத்தானது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கிய சொத்து அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்படும். வழக்கே தெரியாது என்று சொல்லிப் பயனில்லை. விற்பவர் பெயரையும், அவர் அண்ணன் தம்பிகள் பெயரையும் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுத் தேடுங்கள். பத்து நிமிட வேலை.

இன்னொரு பக்கம், பதிவான ஆவணத்தைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததாகவே கருதும். ஈ.சி.யில் அடமானம் தெளிவாக இருந்து, ஈ.சி.யே போடாமல் வாங்கியிருந்தால் "மறைத்துவிட்டார்" என்ற வாதம் பலவீனம். உரிமை உறுதியின் அடிப்படையில் நஷ்ட ஈடு கேட்கும் வழி மட்டும் மிஞ்சும்.

பூர்வீகச் சொத்து. மகன்கள் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது மகள் பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் 1989 மார்ச் 25லிருந்து, அன்றைக்குத் திருமணமாகாமல் இருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பங்கு. 2005 செப்டம்பர் 9லிருந்து இந்தியா முழுவதும் இந்துக் குடும்பங்களின் எல்லா மகள்களுக்கும். அப்பா எப்போது இறந்தார் என்பது முக்கியமில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் நடந்துவிட்ட விற்பனைகளை மட்டும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் தொடாது.

அந்தப் பெண் கேட்பது அவருடைய உரிமை, அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வழக்கில் நீங்களும் பிரதிவாதியாக வந்து, விற்றவர்கள் பங்குக்கு விழும் பகுதியில் நீங்கள் வாங்கிய இடத்தை ஒதுக்கும்படி கேளுங்கள். நீதிமன்றங்கள் முடிந்தவரை அப்படிச் செய்து கொடுக்கின்றன. குறைந்துபோன பங்குக்கு விற்றவர்களிடம் பணம் கேளுங்கள். ஒரு சகோதரி இருப்பதையே சொல்லாமல் விற்றிருந்தால், வாரிசுச் சான்றிதழில் பெயரை விட்டிருந்தால், மறைப்புக்கு அதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டாம்.

மைனரின் பங்கும் இப்படியே. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ மைனர் பெயரில் இருக்கும் சொத்தை விற்றிருந்தால், பிள்ளை 18 வயது முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. பதிவுக்கு முன்பே குறை தெரிந்துவிட்டது. அட்வான்ஸ் போய்விடுமா?

போகாது. குறையை மறைத்தது அவர். "குறித்த காலத்தில் கிரயம் செய்யாவிட்டால் முன்பணம் கிடையாது" என்ற வரியைக் காட்டி அவர் பயமுறுத்த முடியாது. இது உங்களுக்கு நல்ல நேரம், ஏனென்றால் பணத்தின் பெரும்பகுதி இன்னும் உங்களிடம் இருக்கிறது.

ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக எழுதி, பணத்தை வட்டியோடு கேட்கலாம். சட்டம் இங்கே உங்களுக்கு ஒரு கவசம் கொடுத்திருக்கிறது: நியாயமான காரணமில்லாமல் நீங்கள் கிரயத்தை மறுக்காத வரை, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேலேயே உங்களுக்குப் பொறுப்புரிமை உண்டு. அதாவது அந்தச் சொத்தை ஈடாகப் பிடித்து வசூலிக்கலாம்.

குறை தீரக்கூடியது, வீடு உங்களுக்கு வேண்டும் என்றால், அதைத் தீர்த்துவிட்டுக் கிரயம் செய்து கொடுக்கச் சொல்லி வழக்குப் போடலாம். அப்போது நீங்கள் மீதிப் பணத்தோடு தயாராக இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும், வங்கிக் கணக்கு அதற்குச் சாட்சி. அந்த வழக்கிலேயே "கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பிக் கொடுக்க உத்தரவிடுங்கள்" என்று சேர்த்துக் கேட்டுவிடுங்கள். கேட்காததை நீதிமன்றம் கொடுக்காது.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதியாமல் விட்டிருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். கிரயம் கேட்கும் வழக்கில் அதை ஆதாரமாகக் காட்டலாம் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

பதிவு முடிந்து குடியும் வந்துவிட்டோம். இப்போது என்ன கேட்கலாம்?

இரண்டு வழி. ஒன்று, சொத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்பது: பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும், கொடுத்த விலை, முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், வட்டி எல்லாம் வேண்டும். இன்னொன்று, சொத்தை வைத்துக்கொண்டு குறைந்த மதிப்புக்கும் பழுது பார்க்கும் செலவுக்கும் நஷ்ட ஈடு கேட்பது. என் அனுபவத்தில், கட்டடக் குறைக்கு இரண்டாவது வழிதான் குடும்பத்துக்கு நல்லது. பள்ளி, வேலை, கடன் தவணை எல்லாம் அந்த வீட்டோடு பின்னிப் போயிருக்கும்.

ரத்து கேட்பதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். குறை தெரிந்த பிறகு மாடி எழுப்புவது, வாடகைக்கு விடுவது, இன்னொரு கடன் வாங்குவது எல்லாம் "தெரிந்தும் ஏற்றுக்கொண்டார்" என்று ஆகிவிடும்.

முதலில் அரசு அங்கீகாரம் பெற்ற கட்டடப் பொறியாளரை வைத்து அறிக்கை வாங்குங்கள், தேதியோடு போட்டோ எடுங்கள். பழுது பார்க்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். மழைக்கு அவசரப்பட்டு எல்லாவற்றையும் பூசிவிட்டு அப்புறம் வருகிறவர்களுக்கு உதவுவது மிகவும் கடினம். நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம்.

விற்றவருக்குத் தெரியும் என்று எப்படிக் காட்டுவது?

அபார்ட்மென்ட் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் அவரே ஒழுகல் பற்றிப் புகார் சொல்லியிருப்பார். தண்ணீர்க் கசிவைச் சரிசெய்த மேஸ்திரி தெருவிலேயே இருப்பார். உங்களுக்கு முன்னால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாபஸ் வாங்கியவர் இருப்பார், அவர் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. மாநகராட்சியோ ஊராட்சியோ அனுப்பிய நோட்டீஸின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பத்திரத்தை ரத்து செய்ய முடியாதா?

விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து போனால் முடியும். ஒருதலையாக முடியாது என்று 2011ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது. போலிப் பத்திரங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022ல் பதிவுச் சட்டத்தில் கொண்டுவந்த 77-ஏ பிரிவையும் 2024ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. உரிமையியல் நீதிமன்றமே வழி.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு மூன்று ஆண்டு. ரத்துக்குக் காரணமான விஷயம் உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. கிரயம் செய்து தரக் கேட்பதற்கு, ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்தோ, தேதி இல்லையென்றால் அவர் மறுத்தது தெரிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டு. நஷ்ட ஈட்டுக்கும் பொதுவாக மூன்று. முன்பணத்துக்காகச் சொத்தையே ஈடாகப் பிடிக்கும் வழக்குக்கு மட்டும் பன்னிரண்டு ஆண்டு.

மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால், அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்தோ, முயன்றிருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளிலிருந்தோதான் காலம் ஓடத் தொடங்கும். ஆகவே குறை எப்போது, எப்படித் தெரிந்தது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

நாங்கள் பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கினோம். எங்களுக்கும் இதே வழிதானா?

உங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பேச்சுவழக்கில் ரெரா. மனையின் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, எட்டு வீட்டுக்கு மேல் இருந்தாலோ திட்டத்தைப் பதிவு செய்தே விற்க வேண்டும்.

சாவி வாங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறையோ, வேலைத் தரக் குறையோ தெரியவந்து நீங்கள் சொன்னால், 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே இங்கே கிடையாது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டியது பொய்யென்றால் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். நிலத்தின் உரிமையிலேயே குறை என்றால் நஷ்ட ஈடு உண்டு, அதற்குக் காலவரம்பு எந்தச் சட்டத்தாலும் தடையாகாது என்று 18-வது பிரிவு சொல்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கவே கூடாது.

ஐந்தாவது ஆண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போது சங்கமாகச் சேர்ந்து கட்டடம் முழுவதையும் ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். குறைகளை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ச்மேனிடம் சொன்னது, சைட் இன்ஜினியரிடம் சொன்னது எல்லாம் கணக்கில் வராது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பில்டரோ, லேஅவுட் போட்டு மனை விற்றவரோ என்றால் போகலாம், இரண்டு ஆண்டுக்குள். தனி நபர் தன் வீட்டையோ வெறும் நிலத்தையோ விற்றால் அது சேவை ஆகாது, அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போலீசில் புகார் கொடுக்கலாமா?

ஆள்மாறாட்டம், போலிப் பத்திரம், ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றது என்றால் தயங்காமல் கொடுங்கள். 2024 ஜூலையிலிருந்து ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. கூரை ஒழுகுகிறது என்பதற்குப் போலீஸ் வேண்டாம். உரிமையியல் தகராறுக்குக் குற்றவியல் சாயம் பூசுவதை உச்ச நீதிமன்றம் பலமுறை கண்டித்திருக்கிறது, புகார் ரத்தானால் அது உங்கள் நல்ல வழக்கையும் பலவீனமாக்கும்.

வங்கி ஏலத்தில் வாங்கினால்?

"உள்ளது உள்ளபடி" என்றுதான் விற்பார்கள். வங்கிக்குத் தெரிந்த வில்லங்கத்தை ஏல அறிவிப்பில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் தேடுவது உங்கள் வேலை. மின் கட்டண பாக்கியை நேரில் விசாரியுங்கள். புதிய உரிமையாளர் பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று மின் வாரிய விதி இருந்தால் அது செல்லும் என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதாரணக் கிரயத்தில் பதிவு நாள் வரைக்குமான வரியும் அரசு பாக்கியும் விற்பவருடையது.

வாங்குபவருக்கும் சொல்ல வேண்டிய கடமை உண்டாமே?

உண்டு, அதுவும் நியாயமானது. சொத்தில் விற்பவருக்கு உள்ள உரிமை அவர் நினைப்பதைவிடப் பெரியது, அதனால் மதிப்பும் அதிகம் என்று உங்களுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருந்தால், நீங்கள் சொல்ல வேண்டும். வயதான பாட்டி ஒருவர் தனக்கு நாலில் ஒரு பங்குதான் என்று நினைத்து விற்கிறார், உயிலைப் பார்த்த உங்களுக்கு அவருக்குப் பாதி உண்டு என்று தெரியும் என்றால், பேசாமல் இருப்பது உங்கள் பக்கத்து மோசடி. மெட்ரோ வரப்போகிறது என்பது போன்ற சந்தைச் செய்தி இதில் வராது.

சரி, அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரிடம் என்னதான் கேட்பது?

கீழே இருப்பதை அப்படியே நகல் எடுத்து, உங்கள் சொத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றி, வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். புரோக்கருக்கு அனுப்பாதீர்கள், விற்பவர் எண்ணுக்கே அனுப்புங்கள். பதில் வந்த பிறகு பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது, பின்னால் நிரூபிக்கவும் முடியாது. பதில் வராவிட்டாலோ, "நேரில் பேசிக்கலாம்" என்று வந்தாலோ காத்திருங்கள்.

"வணக்கம் ஐயா. வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. முன்பணம் கொடுக்கும் முன் சில விவரங்கள் உங்களிடமிருந்து எழுத்தில் வேண்டும். இந்தச் சொத்தில் உங்களைத் தவிர வேறு யாருக்காவது, சகோதரிகள், மைனர் பிள்ளைகள் உட்பட, பங்கு உண்டா? இதன் மேல் வழக்கு, ஜப்தி, அடமானம், பதியாத கடன் ஏதாவது இருக்கிறதா? இதற்கு முன் யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்களா, யாருக்காவது பவர் கொடுத்திருக்கிறீர்களா? மூலப்பத்திரம் அசலாக யாரிடம் இருக்கிறது? அரசு, கோயில், வக்ஃப், பஞ்சமி நிலம் என்று எப்போதாவது நோட்டீஸ் வந்ததா? இந்த மனை வழியாக யாருக்காவது பாதையோ, வாய்க்காலோ உண்டா? வரைபட அனுமதிக்கு மேல் எதாவது கட்டியிருக்கிறீர்களா? கூரை, சுவர், அஸ்திவாரத்தில் எப்போதாவது பழுது பார்த்தீர்களா, என்ன காரணம்? மழைக்குத் தண்ணீர் உள்ளே வருமா? கிணறோ, தொட்டியோ மூடியிருக்கிறீர்களா? குடியிருப்பவர் யார், எந்த அடிப்படையில் இருக்கிறார்? உங்கள் பதிலை நம்பித்தான் முன்பணம் கொடுக்கிறோம்."